எரிந்த கார்ப்பெட்டுக்காக ஒரு வாரம்: கேதர்ஸ்பர்க் பயணக் குறிப்புகள்

அமெரிக்காவில் ஒரு மாநிலத் தடயவியல் லேபில் வேதியியலாளராக இருக்கிறேன். தீப்பிடித்த வீடுகளிலிருந்து வரும் கரிக்கட்டை, கார்ப்பெட் துண்டு, சோபாப் பஞ்சு இவற்றில் பெட்ரோல், மண்ணெண்ணெய் மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அந்த வேலையை நாட்டில் உள்ள எல்லா லேபும் எப்படிச் செய்ய வேண்டும் என்று விதி எழுதும் குழுக்களில் ஒன்றில் நானும் ஓர் ஆள். சம்பளம் கிடையாது. விமான டிக்கெட், அறை வாடகை, சாப்பாட்டுப் படி, அவ்வளவுதான். 2024 அக்டோபரில் மேரிலாந்து மாநிலத்தின் கேதர்ஸ்பர்க்கில் கூடினோம். ராத்திரிகளில் அறையில் உட்கார்ந்து எழுதி வைத்ததைக் கொஞ்சம் திருத்திப் போடுகிறேன்.

20 அக்டோபர் 2024, ஞாயிறு

நான் பால்டிமோர் வந்து சேர்ந்தேன், என் பெட்டி வரவில்லை. விமான நிறுவனத்தின் கவுண்டரில் இருந்த அம்மாள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ஹன்' போட்டுப் பேசினார். பால்டிமோர் பக்கம் முன்பின் தெரியாதவர்களையும் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்களாம். "பெட்டி வேற ஊருக்குப் போயிடுச்சு ஹன், நாளைக்கு வந்துடும் ஹன்." இவ்வளவு பிரியமாகச் சொல்பவரிடம் எப்படிக் கோபப்படுவது?

கூட்டிப் போக வந்தவர் கல்லூரியில் எனக்கு சீனியர், இங்கே பல வருடமாக இருக்கிற அண்ணன். பெட்டி கதையைச் சொன்னதும், "சரி விடுறா, முதல்ல சாப்பிடு" என்று நேராக லேன்ஹம் சிவ விஷ்ணு கோயிலுக்கு வண்டியைத் திருப்பினார். சாமி கும்பிட்டுவிட்டு கேன்டீனுக்கு இறங்கினால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நெருக்கித் தள்ளியது. தோசை, புளியோதரை, பேப்பர் கப்பில் காபி. டிரே வைக்க இடம் தேடியபோது பின்னால் வந்த ஒரு பையன் முழங்கையில் இடித்து, சாம்பார் என் சட்டையில். இருந்ததே அந்த ஒரு சட்டைதான். பையனின் பாட்டி ஓடி வந்து தண்ணீர் தொட்டுத் துடைத்துவிட்டார். கறை இன்னும் நன்றாகப் பரவியது.

வழியில் அண்ணன் கேட்டார்: "ஆளாளுக்கு லேப் வெச்சிருக்கீங்க. எல்லாருக்கும் சேர்த்து எதுக்குடா ஒரு விதி?" பதிலுக்கு அந்த ஊர்க் கதையையே சொன்னேன். 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரத்தின் நடுப்பகுதி பற்றி எரிந்தது. வாஷிங்டனிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் தீயணைப்பு வண்டிகள் ரயிலில் ஏறி வந்தன. வந்து என்ன, அவர்கள் குழாயின் மரை பால்டிமோர் தண்ணீர்க் குழாயில் சேரவில்லை. ஊருக்கு ஒரு மரை. 1,500 கட்டடங்களுக்கு மேல் போயின. அடுத்த வருடமே தேசிய அளவு ஒன்று முடிவாகிவிட்டது. ஆனால் நூறு வருடம் கழித்தும் அந்த அளவுக்கு மாறாத ஊர்கள் இருந்தன. விதி எழுதுவது ஒன்று, அதை ஊர் ஏற்றுக்கொள்வது வேறொன்று. அண்ணன் யோசித்துவிட்டு, "அப்ப நீ எதுக்குப் போற?" என்றார்.

21 அக்டோபர், திங்கள்

ஹோட்டல் காலை உணவு: ரப்பர் முட்டை, தானே ஊற்றிச் சுட்டுக்கொள்ளும் வாஃபிள். கூட்டம் நிஸ்ட் வளாகத்தில். அமெரிக்க அரசின் அளவீட்டு நிறுவனம் அது. 1901ல் தொடங்கி 1966ல் கேதர்ஸ்பர்க்குக்கு இடம் மாறியது. வாசலில் வண்டியையும் அடையாள அட்டையையும் பார்த்து உள்ளே விட்டார்கள். ஏதோ காட்டுக்குள் நுழைகிற மாதிரி மரங்கள். புல்வெளியில் மான்கள் நம்மைப் பொருட்படுத்தாமல் மேய்கின்றன.

எங்கள் மேஜையில் பத்துப் பன்னிரண்டு பேர். பல மாநில லேப் ஆட்கள், தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு தீ விசாரணை அதிகாரி, புள்ளியியல் பேராசிரியர் ஒரு அம்மா, குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் வாதாடிப் பழகிய ஒரு வக்கீல். என் சட்டையைப் பார்த்து பக்கத்து மாநில லேப்காரர் கேட்டார்: "மஞ்சளா? எண்ணெயில கரைச்சதா?" இந்தத் தொழிலில் கறையோடு வெளியே வரவே கூடாது.

வக்கீலையும் புள்ளியியலாளரையும் எதற்குச் சேர்த்தார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகை, ஆரிகன் மாநில வக்கீல் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று எஃப்.பி.ஐ. அடித்துச் சொன்னது. ஒருவர் பார்த்தார், இன்னொருவர் சரிபார்த்தார், எல்லோரும் ஆமாம் என்றார்கள். ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் காட்டிய பிறகுதான் அவரை விட்டார்கள். 2009ல் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை வந்தது. டி.என்.ஏ. தவிர மற்ற முறைகள் எதுவும், ஒரு தடயத்தை ஒரு குறிப்பிட்ட ஆளோடு நிச்சயமாக முடிச்சுப் போடும் என்று கறாராக நிரூபிக்கப்படவில்லை என்று போட்டு உடைத்தது. அதன் பிறகு 2014ல் நிஸ்ட், தடயவியலுக்கு விதி வகுக்க 'ஓசாக்' என்ற அமைப்பை உண்டாக்கியது. கைரேகை, துப்பாக்கி, டி.என்.ஏ., தீ என்று தனித்தனிக் குழுக்கள், பல நூறு பேர். எங்கள் குழு அதில் ஒன்று. லேப் ஆட்களை மட்டும் உட்கார வைத்தால் தாங்கள் வழக்கமாகச் செய்வதையே விதி என்று எழுதிவிடுவார்கள். அதனால்தான் வக்கீல், புள்ளியியல், உளவியல் எல்லாம்.

இன்றைய சண்டை ஒரு படிவத்தைப் பற்றி. தடயத்தோடு எங்களுக்கு வரும் படிவத்தில் 'சம்பவச் சுருக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்னென்னவோ எழுதி வரும். 'கணவன் மனைவி தகராறு. போன மாதம்தான் இன்சூரன்ஸ் தொகையை ஏற்றியிருக்கிறார். நாய் மூன்று இடத்தில் உட்கார்ந்தது.' நாய் என்றால் பெட்ரோல் வாசனைக்குப் பழக்கிய நாய். வாசனை கிடைத்தால் உட்காரும். இதையெல்லாம் படித்துவிட்டு நான் வரைபடத்தைப் பார்த்தால் என் கண் எதைத் தேடும்?

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்றால், எரிந்த துண்டை பெயின்ட் டப்பா மாதிரி ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி, உள்ளே ஒரு சின்னக் கரிப்பட்டையைத் தொங்கவிட்டு, அடுப்பில் இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் வைப்போம். எழும் ஆவியைக் கரி உறிஞ்சிக்கொள்ளும். அதைக் கரைப்பானில் இறக்கி, கலந்திருக்கும் வேதிப்பொருள்களைப் பிரித்துக் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். கருவிக்குக் கொடுத்தால் மலைத்தொடர் போல ஒரு வரைபடம் வரும். பெட்ரோலுக்கு அதில் பழகிய முகம் உண்டு. நடுவில் 'கோட்டை' என்று நாங்கள் சொல்லும் ஒரு கூட்டம், கடைசிப் பக்கம் 'இரட்டைக் கோபுரம்'. ஆனால் எரிந்த கார்ப்பெட்டே டொலுயீன், ஸ்டைரீன் என்று கக்கும். பைன் மரம் டெர்பீன்களைக் கக்கும். ஷூ ஒட்டும் பசையிலேயே கரைப்பான் இருக்கும். பாதிக் கோட்டை தெரிகிறது, ஒரு கோபுரம் மங்கல் என்கிற கேஸ்தான் தலைவலி. நாய் உட்கார்ந்தது என்று படித்தவனுக்கு அங்கே முழுக் கோட்டையும் தெரிந்துவிடும்.

ஓய்வு பெற்ற விசாரணை அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "முப்பது வருஷம் எரிஞ்ச வீட்டுக்குள்ள போனவன் நான். கார்ப்பெட்டுக்கு அடியில ரப்பர் இருந்துச்சுன்னு நான் சொல்லலைன்னா ஸ்டைரீனைப் பார்த்துட்டு நீங்க என்ன எழுதுவீங்க?" நியாயமான கேள்வி. யாரிடமும் சட்டென்று பதில் இல்லை. புள்ளியியல் அம்மா நிதானமாகச் சொன்னார்: "ரப்பரைச் சொல்லுங்க. இன்சூரன்ஸை ஏன் சொல்றீங்க? கோர்ட்ல நாய் ஒரு சாட்சி, கதை ஒரு சாட்சி, லேப் ஒரு சாட்சின்னு ஜூரி மூணா எண்ணுவாங்க. லேப்காரர் கதையைப் படிச்சுட்டுத்தான் முடிவெழுதினார்னா அது மூணு இல்ல."

அதற்கப்புறம் மாலை வரை ஒரு பத்தி கூட நகரவில்லை. ஆனால் இவ்வளவு உருப்படியான நாள் இந்தக் குழுவில் இதுவரை எனக்கு அமைந்ததில்லை.

22 அக்டோபர், செவ்வாய்

பெட்டி வந்தது. ஒரு சக்கரம் இல்லை.

அக்டோபர் கடைசி வாரம், வெயில் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி. இந்த மாதம் முழுக்க மழை எட்டிப் பார்க்கவில்லையாம், இலைகள் நிறம் மாறிய கையோடு காய்ந்து நொறுங்குகின்றன. தேர்தலுக்கு இரண்டு வாரம்தான். வீட்டுக்கு வீடு வாசலில் வேட்பாளர் பலகை. கூட்டத்தில் மட்டும் யாரும் அரசியல் பேசவில்லை.

பகல் முழுவதும் பொதுமக்கள் கருத்துகளுக்குப் பதில் எழுதும் வேலை. வரைவை வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் அனுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறோமா இல்லையா, ஏன் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். ஒருவர் காற்புள்ளிகளைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரே வரி: 'இதன்படி வேலை செய்தால் எங்கள் லேபில் மாதக்கணக்கில் கேஸ் தேங்கும்.' அந்த ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆட்சேபமே வராத வரைவை யாரும் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம் என்று குழுத் தலைவர் சொல்வார். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இரவு நண்டு. மேரிலாந்து வந்துவிட்டு கிராப் கேக் சாப்பிடாமல் போனால் மரியாதை இல்லை என்று இழுத்துப் போனார்கள். நண்டுச் சதையை உதிரியாகப் பிடித்து, 'ஓல்ட் பே' மசாலா தூவிய ஓர் உருண்டை. 36 டாலர். நண்டு நல்ல நண்டு, மறுக்க மாட்டேன். மிளகு, பூண்டு தட்டிப் போட்ட ரசத்துக்கு மனசு ஏங்கியதையும் மறுக்க மாட்டேன்.

கூட வந்தவர்களில் ஒருவர் டி.என்.ஏ. பிரிவு. எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டு, "எங்க கதை தெரியும்ல?" என்று ஆரம்பித்தார். 2013ல் நிஸ்ட் ஒரே மாதிரியான கலப்பு டி.என்.ஏ. தரவுகளை 108 லேப்களுக்கு அனுப்பியது. கற்பனை வழக்குகள் ஐந்து. ஐந்தாவதில் வேண்டுமென்றே, கலவையில் இல்லாத ஓர் ஆளைச் சந்தேக நபராகக் கொடுத்திருந்தார்கள். 69 சதவீத லேப்கள் 'இருக்கலாம்' என்று அவரைச் சேர்த்துவிட்டன. தடயவியலிலேயே ராஜா என்று எல்லோரும் சொல்கிற டி.என்.ஏ.வில்! விசாரணை அதிகாரி நண்டை வைத்துவிட்டு, "அப்ப எங்களை மட்டும் ஏன் திட்டறீங்க?" என்றார். அதுவரை இறுக்கமாக இருந்த மேஜை முதல்முறையாகச் சிரித்தது.

23 அக்டோபர், புதன்

விடிகாலை இரண்டு மணிக்கு ஹோட்டலில் தீ அபாய மணி. செருப்பைத் தேடி, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு படி வழியாக இறங்கினால், பார்க்கிங்கில் எங்கள் குழு மொத்தமும் பைஜாமாவில் நிற்கிறது. ஒரு கட்டடத்தின் தீ மணிக்கு இத்தனை தீ நிபுணர்கள் ஒன்றாக நின்றிருக்க மாட்டார்கள்.

சும்மா நிற்க முடியுமா? மூன்றாவது மாடி வராந்தாவில் ஏதோ கருகிய வாசனை என்றார் ஒருவர். மின்கசிவு என்றார் இன்னொருவர். சலவை அறையில் உலர்த்தியில் சேரும் பஞ்சுதான், எத்தனை பார்த்திருக்கிறேன் என்றார் மூன்றாமவர். விசாரணை அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. தீயணைப்பு வண்டி வந்து, ஹெல்மெட்டோடு இரண்டு பேர் உள்ளே போய், அரை மணியில் வெளியே வந்தார்கள். இரவுப் பணியில் இருந்த பையன் கையை விரித்தான்: "மைக்ரோவேவ் பாப்கார்ன் சார். 312ஆம் அறை."

எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே போகும்போது விசாரணை அதிகாரி மட்டும் பையனிடம் திரும்பி, "பாப்கார்ன் கருகினதை நீ பார்த்தியா, இல்ல வேற ஒண்ணும் தெரியலைங்கறதால சொல்றியா?" என்று கேட்டார். பையன் முழித்தான். ஆனால் அது வேடிக்கைக்காகக் கேட்ட கேள்வி இல்லை. மின்கசிவு இல்லை, அடுப்பு இல்லை, சிகரெட் இல்லை, ஆகவே யாரோ கொளுத்தியிருக்கிறார்கள் என்று கழித்துக் கழித்து முடிவுக்கு வருகிற பழக்கம் தீ விசாரணையில் வெகுகாலம் இருந்தது. தீ விசாரணைக்கான வழிகாட்டியான என்.எஃப்.பி.ஏ. 921 அதை 2011ஆம் வருடப் பதிப்பில்தான் வெளிப்படையாகத் தள்ளியது. அந்த மனிதரைப் பற்றி என் மனதில் இருந்த கணக்கு அந்த ஒரு கேள்வியில் மாறியது.

பகல் கூட்டத்தில் பாதிப் பேர் தூங்கி வழிந்தோம். இருந்தாலும் நாய் விஷயம் முடிந்தது. நாய் உட்கார்ந்தும் லேபில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், 'நாய் காட்டியது' என்பதைத் தனி ஆதாரமாக லேப் அறிக்கை தாங்கிப் பிடிக்கக் கூடாது. இதை முன்மொழிந்ததே விசாரணை அதிகாரிதான்.

24 அக்டோபர், வியாழன்

மதியம் வளாகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். 2,300க்கும் அதிகமான கற்களை வைத்து 1948ல் கட்டிய சுவர் ஒன்று திறந்தவெளியில் நிற்கிறது. எந்தக் கல் எப்படி மழை வெயிலில் தேய்கிறது என்று பார்க்கத்தான். வாஷிங்டனில் இருந்ததை 1977ல் அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தார்களாம். இந்த நிறுவனத்தின் பொறுமைக்கு அளவே இல்லை. இங்கே அளவுமாதிரியாக வேர்க்கடலை வெண்ணெய் கூட விற்கிறார்கள். என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாக அளந்த சின்னச் சின்ன ஜாடிகள், ஒரு செட் ஆயிரம் டாலர் அளவில். ரொட்டியில் தடவ இல்லை, உணவு லேப்கள் தங்கள் கருவியைச் சோதிக்க. அதே மாதிரி துப்பாக்கிப் பிரிவுக்கு 'தரத் தோட்டா' உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரே கீறல்கள். உங்கள் மைக்ரோஸ்கோப் சரியாகக் காட்டுகிறதா என்று அதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நிறுவனத்துக்கும் குற்ற வழக்குகளுக்கும் உறவு பழையது. 1932ல் புகழ்பெற்ற விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தையைக் கடத்தியவன் எழுதிய கடிதங்களை ஆராய்ந்தவர்களில் வில்மர் சவுடர் என்ற இந்த நிறுவனத்து இயற்பியலாளரும் ஒருவர். அவருடைய இன்னொரு வேலை பல் அடைக்கும் பொருள்களை அளப்பது!

பிறகு தீ ஆராய்ச்சிக் கூடம். விமானமே நிறுத்தலாம் போன்ற பெரிய கூடம், மேலே புகையை உறிஞ்சும் ராட்சசக் கூண்டுகள். இன்று எதுவும் எரிக்கவில்லை. திரையில் ஒரு படம் ஓட்டினார்கள். சோபா, திரைச்சீலை, கார்ப்பெட் போட்ட சாதாரண வரவேற்பறை, சோபா மூலையில் ஒரு சின்னச் சுடர். முதலில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறது. கூரைக்கடியில் புகை தடித்து இறங்குகிறது. சில நிமிடத்தில் தொடாத நாற்காலி புகைகிறது, அடுத்த கணம் அறை முழுக்க நெருப்பு. ஃப்ளாஷ் ஓவர். அணைத்த பிறகு தரையைக் காட்டினார்கள். குட்டை குட்டையாக, ஒழுங்கில்லாத கரிய தடங்கள். பெட்ரோலை ஊற்றியது போலவே. ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது.

இந்தத் தடங்களை வைத்துத்தான் எத்தனையோ பேரைக் குற்றவாளி என்றார்கள். 1991ல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில், ஒரு கொலை வழக்குக்காக அரசுத் தரப்பே அதே மாதிரி வீட்டை எரித்துப் பார்த்தது. ஐந்து நிமிடத்துக்குள் ஃப்ளாஷ் ஓவர், தரையில் அதே தடங்கள். வழக்கைக் கைவிட்டார்கள். அதே வருடம் டிசம்பரில் டெக்சாஸின் கோர்சிகானாவில் டாட் வில்லிங்ஹாமின் வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் செத்தார்கள். தரைத் தடங்கள், விரிசல் விட்ட கண்ணாடி இதெல்லாம் கொளுத்தியதற்கு அடையாளம் என்றார்கள். 921இன் முதல் பதிப்பு 1992லேயே வந்துவிட்டது. கண்ணாடி விரிசல் சூட்டில் தண்ணீர் பட்டதாலும் வரும் என்று அப்புறம் தெரிந்தது. 2004ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அந்தத் தீயைக் கொளுத்தியது என்று சொல்ல அறிவியல் அடிப்படையே இல்லை என்று பிற்பாடு பார்த்த நிபுணர்கள் எழுதினார்கள்.

திரும்பும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. வக்கீல் மட்டும் விசாரணை அதிகாரியிடம், "உங்க பழைய கேஸ்ல…" என்று ஆரம்பித்தார். "ராத்திரியில யோசிக்கறேன்" என்றார் அவர். வக்கீல் மேலே கேட்கவில்லை.

25 அக்டோபர், வெள்ளி

காலையிலேயே முடிந்தது. படிவம் இரண்டு தாள். முதல் தாளில் என்ன பொருள், எங்கே எடுத்தது, கார்ப்பெட்டா மரமா, ஒப்பிட்டுப் பார்க்க எரியாத துண்டு இருக்கிறதா. இரண்டாம் தாளில் கதை, நாய், இன்சூரன்ஸ். லேப்காரர் தன் முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே இரண்டாவதைப் பிரிக்கலாம். முன்னதாகப் பிரித்தே ஆக வேண்டும் என்றால் எப்போது, ஏன் என்று குறிப்பு. கூடவே, இரண்டாவது ஆள் முதல் ஆளின் முடிவைப் பார்க்காமல் தனியாக வரைபடத்தைப் படிக்க வேண்டும். ஒருவர் எதிர்த்து வாக்களித்தார். காரணத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார், அதற்கும் பதில் எழுத வேண்டும். இதற்கு அப்புறம் வெளி ஆய்வு, பிறகு தர விதிகளை வெளியிடும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பில் வாக்கெடுப்பு, பிறகுதான் ஓசாக்கின் பதிவேட்டில் இடம். வருடக்கணக்கு.

விமானம் நான்கு மணி நேரம் தாமதம். விமான நிலையத்தில் ஆறிப்போன பீட்சாத் துண்டு ஒன்று 9 டாலர். அதைக் கையில் வைத்துக்கொண்டு என் லேப் தலைவருக்கு போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"ரெண்டு பேர் தனித்தனியா படிக்கணுமா? தீப் பிரிவுல இருக்கிறதே ரெண்டு பேர். அதுல ஒருத்தர் மேரிலாந்துல நண்டு சாப்பிட்டுட்டு இருக்கார்."

பக்கத்து மாநில லேபோடு வரைபடங்களை மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"இது கட்டாயமா?"

"இல்லை. நாமாக ஏற்றுக்கொண்டால்தான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. கீபோர்டில் ஏதோ தட்டுவது கேட்டது.

"ரெண்டாவது ஆள் விஷயம் அடுத்த பட்ஜெட்ல பார்க்கலாம். அந்த ரெண்டு தாள் படிவத்துக்குச் செலவு ஒண்ணும் இல்லையே? திங்கட்கிழமை வந்ததும் அதைக் கொண்டு வாங்க."